மின்விசிறியை நிறுத்திவிட்டுக் கேட்க வேண்டிய இசை

முதல் தடவை இந்த இசையைப் போட்டபோது ஒலிப்பதிவில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்தேன். ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், காதில் ஒன்றும் விழவில்லை. ஒலியளவைக் கூட்டினேன். காற்றுச் சத்தம் மாதிரி ஏதோ வந்தது. அது குழலா, தலைக்கு மேலே சுற்றுகிற மின்விசிறியா என்று பிரிக்க முடியவில்லை. எழுந்து போய் விசிறியை நிறுத்திவிட்டு வந்தேன். பிறகுதான் தெரிந்தது, இசை தொடங்கி ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகியிருந்தது. நான்தான் கேட்காமல் இருந்திருக்கிறேன்.

ஒற்றைப் புல்லாங்குழலுக்காக 1977-இல் எழுதப்பட்ட படைப்பு அது. 'அல்லாவுரே இன் ஊனா லொந்தனான்ஸா' என்று பெயர். 'தொலைவில் இருக்கும் இளங்காற்றுகளுக்கு' என்று சொல்லலாம். வாசிப்பவர் மூச்சை உள்ளே இழுக்கிறார், வெளியே விடுகிறார். அந்த மூச்சின் விளிம்பில் சுரம் போல ஒன்று தோன்றி, நிலைப்பதற்குள் கரைந்துவிடுகிறது. மறுபடியும் மூச்சு. மறுபடியும் அதே விளிம்பு, ஆனால் இந்தத் தடவை மயிரிழை அளவு வேறு மாதிரி. முழுக்க இவ்வளவுதான். கேட்டு முடித்த பிறகு விசிறியைப் போட மனம் வரவில்லை. தெருக்கோடியில் யாரோ இரும்புக் கதவைச் சாத்தினார்கள், பக்கத்து வீட்டில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. எல்லாம் தனித்தனியாக, தெளிவாகக் கேட்டது.

எழுதியவர் சல்வத்தோரே ஷர்ரீனோ. இத்தாலியர். 1947 ஏப்ரல் 4-ஆம் தேதி சிசிலித் தீவின் தலைநகரான பலேர்மோவில் பிறந்தவர். இன்றைய ஐரோப்பியச் செவ்வியல் இசையில் உயிரோடு இருப்பவர்களில் எனக்கு மிக நெருக்கமானவர் யார் என்று கேட்டால் யோசிக்காமல் இவர் பெயரைச் சொல்வேன். அவரைப் பற்றித் தமிழில் நான் எதையும் படித்ததில்லை. அதனால்தான் இந்த நீளமான பதிவு.

ஷர்ரீனோ தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும்போது ஒரு விஷயத்தைப் பெருமையாகச் சொல்வார். தான் எந்த இசைப்பள்ளியிலும் பிறக்கவில்லை, சுதந்திரமாகப் பிறந்தவன் என்பார். சிறு வயதில் அவருக்கு ஓவியத்தில்தான் நாட்டம். பன்னிரண்டு வயதில் தானாகவே இசையமைக்கத் தொடங்கினார். உள்ளூரில் அந்தோனீனோ தித்தோனே, தூரி பெல்ஃபியோரே ஆகியோரிடம் கொஞ்சம் வழிகாட்டல் கிடைத்தது உண்மைதான். ஆனால் பெரும்பகுதி தானே படித்தது, தானே கேட்டது, தானே எழுதிப் பார்த்தது.

பலேர்மோ என்றதும் ஒதுக்குப்புறமான ஊர் என்று எண்ணிவிடக் கூடாது. 1960-களில் அங்கே 'புது இசைக்கான சர்வதேச வாரம்' என்று ஒரு விழா நடந்துகொண்டிருந்தது. ஐரோப்பாவின் மிகத் துணிச்சலான இசைப் பரிசோதனைகள் அந்தத் தென்கோடித் தீவில் வந்து ஒலித்தன. 1963-இல் இத்தாலிய இலக்கியத்தைக் கலக்கிய 'குழு 63' என்ற எழுத்தாளர் கூட்டமும் அந்த ஊரில்தான், அந்த விழாவை ஒட்டித்தான் கூடியது. அதற்கு முந்தைய ஆண்டு, 1962-இல், பதினைந்து வயதுப் பையனான ஷர்ரீனோவின் படைப்பு முதன்முதலாகப் பொதுமேடை ஏறியது. ஆனால் 1966-க்கு முன்னால் எழுதிய எதையும் அவர் தன் படைப்பாகக் கணக்கில் சேர்ப்பதில்லை. அதெல்லாம் கைப்பழக்கம் என்று ஒதுக்கிவிட்டார். பத்தொன்பது வயதில் 'இனிமேல் எழுதுவதுதான் என்னுடையது' என்று கோடு போட்டுக்கொண்டு, அறுபது வருடமாக அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கமே நிற்கிறார்.

1969-இல் ரோமுக்குப் போனார். அங்கே ஃபிராங்கோ எவாஞ்சலிஸ்தி நடத்திய மின்னணு இசை வகுப்பில் சேர்ந்தார். இத்தாலியின் பழம்பெரும் இசைப் பதிப்பகமான ரிக்கோர்தி அவருடைய படைப்புகளை அச்சிடத் தொடங்கியதும் அந்த ஆண்டில்தான். மின்னணு இசை படித்த மனிதர் பிறகு எழுதியதெல்லாம் பெரும்பாலும் மரமும் தந்தியும் உலோகமும் மூச்சும்தான் என்பது எனக்கு ரொம்பப் பிடித்த செய்தி. அவருடைய வயலினைக் கேட்டால் ஏதோ கருவியை மின்சாரத்தில் ஓட்டுவது போல இருக்கும். மின்சாரமே கிடையாது. சாதாரண வயலின், சாதாரண வில்.

அந்த வயலின் இசையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1976-இல் முடித்த 'ஆறு கப்ரீச்சி', கட்டற்ற போக்கில் ஓடும் குறும்படைப்புகள். சல்வத்தோரே அக்கார்தோ என்ற இத்தாலிய வயலின் மேதைக்காக எழுதியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இத்தாலிய வயலின்காரர் பகனீனி தனி வயலினுக்கு 24 கப்ரீச்சிகள் எழுதினார். வயலின்காரர்களுக்கு அது மலையேற்றம் மாதிரி. அக்கார்தோ அந்த மலையில் பெயர் பெற்றவர். ஷர்ரீனோ அதே பகனீனியை எடுத்து, உடம்பை உருவிவிட்டு ஆவியை மட்டும் வைத்துக்கொண்டார். பகனீனியின் முதல் கப்ரீச்சியில் வில் நான்கு தந்திகளிலும் மேலும் கீழும் குதித்து ஓடும். ஷர்ரீனோவின் முதலாவதிலும் வில் அப்படியேதான் ஓடுகிறது. ஆனால் இடது கை விரல்கள் தந்தியை அழுத்துவதே இல்லை, நுனியால் தொட்டுவிட்டு விலகுகின்றன. அழுத்தாமல் தொட்டால் தந்தியின் முழுக் குரல் வராது, அதற்குள் ஒளிந்திருக்கும் மெல்லிய மேல்சுரம் மட்டும் விசில் போலக் கிளம்பும். ஹார்மோனிக்ஸ் என்பார்கள். மற்ற இசையமைப்பாளர்கள் இதை அங்கொன்றும் இங்கொன்றுமாக, சமையலில் பெருங்காயம் போடுவது போலப் பயன்படுத்துவார்கள். ஷர்ரீனோ ஏறத்தாழ முழுச் சமையலையும் அதிலேயே செய்துவிட்டார்.

கர்நாடக இசையில் வயலின் வாசிக்கிற நண்பர் ஒருவருக்கு இதைப் போட்டுக் காட்டினேன். ஒரு கப்ரீச்சி முடியும்வரை பேசாமல் கேட்டார். "சுரத்துல விரல் உக்காரவே இல்லையே, பக்கத்துல போய்ட்டுப் போய்ட்டுத் திரும்பிடுது" என்றார். பிறகு தன் வயலினை எடுத்து, தந்தியை நடுவில் தொட்டுப் பார்த்தார், மூன்றில் ஒரு பங்கில் தொட்டுப் பார்த்தார், நாலில் ஒரு பங்கில் பார்த்தார். ஒவ்வொரு இடத்திலும் ஒரு விசில் பிறந்தது. விரல் நூலளவு தவறினால் வெறும் உரசல்தான். இத்தனை வேகத்தில் இதை எப்படி ஒருத்தர் வாசிப்பார் என்று அன்று மாலை முழுக்க அதையே பேசிக்கொண்டிருந்தார்.

புல்லாங்குழலுக்கு ஷர்ரீனோ செய்தது இதைவிடப் பெரிய காரியம். நான் சொல்வது மேற்கத்தியப் புல்லாங்குழல், உலோகத்தில் செய்து, துளைகளுக்கு மூடிகள் வைத்தது. 1970-களின் பிற்பகுதியில் ரொபேர்த்தோ ஃபப்ரிச்சானி என்ற குழல் கலைஞரோடு நெருங்கிப் பழகிய காலத்திலிருந்து அந்தக் கருவிக்காக அவர் தொடர்ந்து எழுதியவை 'புல்லாங்குழலுக்கான ஆக்கங்கள்' என்ற தொகுதியாக வந்திருக்கின்றன. நாக்கை ஊதுதுளையில் சடாரென்று அடைத்தால் 'டப்' என்று ஆழத்திலிருந்து ஓர் ஒலி வரும். ஊதுதுளையை வாயால் முழுக்க மூடிக்கொண்டு வேகமாக ஊதினால் ராக்கெட் சீறுவது போல ஒரு வீச்சு. ஊதாமலே மூடிகளை விரலால் தட்டினால் மழைத்துளி விழுவது போல ஒன்று. குழலுக்குள் உதட்டை இறுக்கி மிக மெதுவாக ஊதினால் காதில் விழுந்தும் விழாததுமாக ஒரு சீழ்க்கை. இவை ஒவ்வொன்றையும் அவர் தனித்தனி எழுத்துகளாக எடுத்துக்கொண்டு புதிய மொழி ஒன்றைக் கட்டினார். 1985-இல் எழுதிய ஒன்றுக்குப் பெயரே 'மாயங்கள் எப்படி நிகழ்த்தப்படுகின்றன?' அதில் முக்கால்வாசி நேரம் நாக்கு அடிக்கிற அந்த 'டப் டப்' தாளம்தான். கண்ணை மூடிக் கேட்டால் குழல் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். தோல்வாத்தியம் என்பார்கள், இதயம் என்பார்கள்.

மூச்சும் இதயமும் அவரை விடுவதே இல்லை. இதன் உச்சம் 1998-இல் வந்த 'இன்ஃபினீத்தோ நேரோ', முடிவிலாக் கருமை. 'ஓரங்கப் பரவசம்' என்று அதற்கு ஒரு துணைத்தலைப்பு. ஒரு பெண் குரல், எட்டுக் கருவிகள். மரியா மத்தலேனா தே பாத்ஸி என்று 1566 முதல் 1607 வரை வாழ்ந்த ஒரு துறவி, ஃபுளோரன்ஸ் நகரத்துக் கன்னிமடம் ஒன்றைச் சேர்ந்தவர். பரவச நிலை வரும்போது அவர் வாயிலிருந்து சொற்கள் இயந்திரத் துப்பாக்கி போலக் கொட்டும், பிறகு நெடுநேரம் மௌனம். மடத்தின் இளம் துறவிகள் எட்டுப் பேரை அவரைச் சுற்றி உட்கார வைத்தார்களாம். நான்கு பேர் அவர் சொன்னதைத் திருப்பிச் சொல்ல, நான்கு பேர் எழுதிக்கொள்ள. இதுதான் ஷர்ரீனோவுக்குக் கிடைத்த கரு.

படைப்பு தொடங்கும்போது கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. ஒரு மூச்சு உள்ளே, ஒரு மூச்சு வெளியே. இடையிடையே நாக்கால் தட்டும் ஒரு துடிப்பு. இது நிமிடக்கணக்கில் நீள்கிறது. அது அந்தத் துறவியின் இதயமா, வாசிப்பவரின் மூச்சா, கேட்டுக்கொண்டிருக்கும் நம்முடையதா என்று குழம்புகிற நேரத்தில், அந்தப் பெண் குரல் வெடித்து ஒரு கொத்துச் சொற்களைக் கொட்டிவிட்டு மறுபடி அமைதியாகிவிடுகிறது. நான் எந்தப் பேய்ப்படத்திலும் அப்படித் திடுக்கிட்டதில்லை. அந்தக் குரலில் சத்தம் ஒன்றும் அதிகமில்லை. அத்தனை நிமிடங்களில் நம் காது சுருங்கிச் சுருங்கி ஊசிமுனை ஆகியிருக்கிறது. அதில் ஒரு சொல் விழுந்தாலே இடிதான்.

நம் கச்சேரியில் தம்புரா பின்னால் ஓடிக்கொண்டே இருக்கும், சுரங்கள் அதன் மேல் நிற்கும். ஷர்ரீனோவிடம் தம்புராவின் இடத்தில் நிசப்தம் இருக்கிறது. அது வெறுமை அல்ல, அதற்கும் ஒரு சுருதி உண்டு என்று கேட்கக் கேட்கப் புரியும். மௌனத்துக்கான பழைய எகிப்திய, கிரேக்கத் தெய்வம் ஹர்ப்போகிரட்டீஸ், உதட்டில் விரல் வைத்த சிறுவன். 1979-இல் பியானோ, இசைக்குழு, சேர்ந்திசைக் குழு எல்லாம் வைத்து ஷர்ரீனோ முடித்த பெரிய படைப்பு ஒன்றுக்கு அந்தத் தெய்வத்தின் பெயரைத்தான் வைத்தார். அத்தனை பேரை மேடையில் உட்கார வைத்து மௌனத்தின் உருவத்தை வரைவதற்கு ஒரு நெஞ்சுரம் வேண்டும்.

இப்போது எனக்கு மிக முக்கியமாகப் படுகிற விஷயத்துக்கு வருகிறேன். இசைப்பள்ளியில் பிறக்கவில்லை என்று பெருமைப்பட்ட இந்த மனிதர் வாழ்நாளில் இருபது வருடத்துக்கு மேல் இசைக்கல்லூரிகளில் ஆசிரியராகக் கழித்தார். 1974 முதல் மிலான், பிறகு பெரூஜா, 1987 முதல் 1996 வரை ஃபுளோரன்ஸ். நடுவில் 1978 முதல் 1980 வரை பொலோன்யா நகரத்தின் ஓபரா அரங்குக்குக் கலை இயக்குநர். அப்போது அவருக்கு வயது முப்பத்தொன்றுதான். அதற்கும் மேல், 1979 முதல் 2000 வரை உம்பிரியா மாநிலத்தில் சித்தா தி கஸ்தெல்லோ என்ற சிறு நகரத்தில் இளம் இசையமைப்பாளர்களுக்குப் பயிற்சி வகுப்பு. அந்த ஊர் பிடித்துப்போய் 1983 வாக்கில் மிலானை விட்டு அங்கேயே குடிபோய்விட்டார்.

மிலானை விட்டு ஒரு மலையடிவார ஊருக்குப் போவது என்றால் பதிப்பகம், அரங்கம், விமர்சகர்கள் எல்லாவற்றையும் விட்டுப் போவது. அவருக்குத் தேவைப்பட்டது சத்தமில்லாத இடம். ஓவியர் அல்பேர்த்தோ பூர்ரியின் சொந்த ஊரும் அதுவே. கிழிந்த சாக்குத்துணியையும் தீயில் கருகிய பிளாஸ்டிக்கையும் வைத்து ஓவியம் செய்தவர் பூர்ரி. அவர் இறந்த 1995-ஆம் ஆண்டில் ஷர்ரீனோ அவருக்கு ஓர் அஞ்சலி எழுதினார். சாக்கை ஓவியமாக்கியவருக்கும் மூச்சிரைப்பை இசையாக்கியவருக்கும் இடையில் பேச நிறைய இருந்திருக்கும்.

ஒருவர் தானே கற்ற ஒன்றை இன்னொருவருக்கு எப்படிக் கற்பிப்பார்? பள்ளியில் படித்தவர் தனக்குச் சொன்னதைத் திருப்பிச் சொல்லலாம். இவரிடம் திருப்பிச் சொல்ல ஏதுமில்லை. இசை எழுத உட்காரும்போது ஷர்ரீனோ முதலில் சுரங்களை எழுதுவதில்லை, படம் வரைகிறார். நீளமான தாளில் இடமிருந்து வலமாக நேரம் ஓடும். அதில் புள்ளிக் கூட்டம், கீற்று, அடர்ந்த கறுப்பு, வெற்றிடம். படைப்பு முழுவதையும் ஒரே பார்வையில் கண் பிடித்துக்கொள்ளலாம். அந்த வரைபடம் சரியாக அமைந்த பிறகுதான் ஐந்து கோடுகளில் எழுதத் தொடங்குவார். ஓவியனாக விரும்பிய பையன் எங்கும் போய்விடவில்லை.

அவர் வகுப்பில் சொன்னவற்றின் சாரம் ஒரு புத்தகமாக இருக்கிறது. 1998-இல் வந்த 'இசையின் உருவங்கள்: பேத்தோவன் முதல் இன்று வரை'. அவர் ஆற்றிய சொற்பொழிவுகளிலிருந்து உருவானது. சுருதி, தாளம், இராகம் என்ற இலக்கணத்தை ஓரமாக வைத்துவிட்டு, காதும் கண்ணும் சேர்ந்து பிடிக்கக்கூடிய ஐந்து உருவங்களைப் பற்றிப் பேசுகிறார். வெவ்வேறு பொருட்கள் குவிந்து குவிந்து இடமே இல்லாமல் போவது ஒன்று. ஒரே பொருள் பலவாகப் பெருகுவது இன்னொன்று. ஒரு சிறு வெடிப்பு நிகழ்ந்து அதிலிருந்து துகள்கள் சிதறி அடங்குவது மூன்றாவது, அதற்கு அவர் வைத்த பெயர் 'குட்டி வெடிப்பு'. உயிர்கள் தலைமுறைக்குத் தலைமுறை மாறுவது போல, திரும்பத் திரும்ப வரும் ஒன்று கொஞ்சம் கொஞ்சமாக வேறாவது நான்காவது.

ஐந்தாவதில்தான் நான் நின்றுவிட்டேன்: சன்னல் வடிவம். ஒரு நேரத்துக்குள் இன்னொரு நேரம் சட்டென்று திறந்து மூடுவது. பேத்தோவனின் ஒன்பதாவது சிம்பொனியில் கடைசிப் பகுதி தொடங்கும்போது, முன்னால் வந்த மூன்று பகுதிகளும் ஒவ்வொரு துண்டாக எட்டிப் பார்க்கும். தாழ்ந்த குரல் கொண்ட தந்தி வாத்தியங்கள் வேண்டாம் வேண்டாம் என்று ஒவ்வொன்றாக ஒதுக்கும். அதை ஷர்ரீனோ சன்னல் என்கிறார். கணினித் திரையில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சன்னல்கள் திறந்து பழகிய நமக்கு இது உடனே பிடிபடும். ஆனால் இருநூறு வருடத்துக்கு முந்தைய இசையில் அதைக் காட்டி, கூடவே ஓவியத்தையும் புகைப்படத்தையும் பக்கத்தில் வைத்து ஒருவர் விளக்கும்போது, இதுவரை நூறு தடவை கேட்ட இசையை நான் ஒரு தடவையும் கேட்கவில்லை என்று தோன்றியது. இசை வாசிக்கத் தெரியாத ஒருவருக்கும் இந்த ஐந்து உருவங்களைக் கற்பித்துவிடலாம். அவர் தானே கற்றவர் என்பதன் பலன் இங்கேதான் தெரிகிறது. தனக்கு யாரும் சொல்லித் தராததால், சொல்லித் தராமலே எது புரியும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

சன்னல் வடிவத்தை அவர் தன் இசையிலும் செய்திருக்கிறார். 1981-இல் எழுதிய 'எஃபேபோ கோன் ராதியோ', வானொலியோடு ஒரு விடலைப் பையன். ஒரு குரலும் முழு இசைக்குழுவும் சேர்ந்து பழைய வானொலிப் பெட்டியாக மாறிவிடும். பாட்டு ஒன்று வந்து, இரைச்சலில் மூழ்கி, யாரோ பேசி, மறுபடி இரைச்சல். 1950-களின் சிசிலியில் ஒரு சிறுவன் வானொலியின் திருகைத் திருகிக்கொண்டு கேட்டது அப்படியே வருகிறது. சிற்றலை வரிசையில் இலங்கை வானொலியைத் தேடித் திருகிய கைகளுக்கு அந்த இரைச்சல் எவ்வளவு சொந்தமானது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு நிலையங்களுக்கு நடுவே கேட்கும் அந்த 'உஷ்'ஷை யாரும் இசை என்று நினைத்ததில்லை. அவர் அதை ஒவ்வொரு வாத்தியமாகப் பிரித்து எழுதி வைத்திருக்கிறார். இதே விளையாட்டின் சின்ன வடிவம் 1980-இல் எழுதிய 'அனமோர்ஃபோசி' என்ற குட்டிப் பியானோ படைப்பு. பிரெஞ்சு இசையமைப்பாளர் ராவெலின் நீர்விளையாட்டு இசை ஓடிக்கொண்டிருக்கும்போதே, அதன் அலைகளுக்குள்ளிருந்து 'சிங்கிங் இன் த ரெயின்' என்ற ஹாலிவுட் பாட்டு முகம் காட்டும். தண்ணீரிலிருந்து மழை.

ஓபராவைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ஜெர்மனியின் ஷ்வெட்சிங்கன் நகரில் 1998-இல் அரங்கேறிய 'லூச்சி மியே திரதித்ரீச்சி', என்னைக் காட்டிக்கொடுத்த கண்கள். வெறும் எழுபது நிமிடம், நான்கே பாத்திரங்கள். பின்னணியில் ஒரு நிஜக் கொலை இருக்கிறது. 1590 அக்டோபரில் நேப்பிள்ஸ் நகரில் கார்லோ ஜெசுவால்தோ என்ற இளவரசர் தன் மனைவியையும் அவளுடைய காதலனையும் கொன்றார். அந்தக் கொலைகாரர் இசையமைப்பாளரும்கூட. பல குரல்கள் சேர்ந்து பாடும் மாத்ரிகல் என்ற வகையில், காலத்தைத் தாண்டிய பாடல்களை எழுதியவர். பதினேழாம் நூற்றாண்டில் சிகொனீனி பெயரில் வெளிவந்த ஒரு நாடகத்தை ஷர்ரீனோ எடுத்து, ஈவிரக்கமில்லாமல் சுருக்கி, எலும்பு மட்டும் மிஞ்சும்படி செய்தார். அவர் வேலை செய்துகொண்டிருந்தபோதே ரஷ்ய இசையமைப்பாளர் ஷ்னிட்கேயும் ஜெசுவால்தோவைப் பற்றி ஓபரா எழுதுகிறார் என்று தெரிந்தது. உடனே ஜெசுவால்தோவின் பெயரையும் அவருடைய இசையின் தடத்தையும் முழுக்க எடுத்துவிட்டு, அந்த இடத்தில் குளோத் லெ ஜென் என்ற பழைய பிரெஞ்சு இசையமைப்பாளரின் ஓர் இரங்கல் பாட்டை வைத்தார்.

காலையில் தோட்டத்தில் தொடங்குகிறது. சீமாட்டி ரோஜாவைப் பறிக்கிறாள், முள் குத்துகிறது. இரத்தத்தைப் பார்த்த கணவன் மயங்கி விழுகிறான். ஒரு சொட்டு இரத்தம் தாங்காதவன். நள்ளிரவுக்குள் மூன்று பேரைக் கொன்றிருப்பான். திரை மறைவில் ஒரு குரல் அந்தப் பழைய பாட்டைப் பாடித் தொடங்கிவைக்கும். காட்சிகளுக்கு இடையில் அதே மெட்டு திரும்பி வரும், ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் சிதைந்து, கடைசியில் எலும்புக்கூடாக. பாத்திரங்கள் பாடும் விதமும் வேறெங்கும் கேளாதது. ஒரு சுரம் ஒன்றுமில்லாமையிலிருந்து மெல்ல வீங்கி வருகிறது, நிற்கிறது, பிறகு சொல்லின் மிச்ச அசைகள் எல்லாம் படியில் கொட்டிய மணி போலக் கடகடவென்று சரிகின்றன. வெளியே சொல்லத் துணியாமல் தேக்கி வைத்து, வாய் திறந்ததும் கொட்டிவிடுகிற பேச்சு அப்படித்தானே இருக்கும். வாத்தியங்களோ தோட்டத்துப் பூச்சிகள், மூச்சு, துணி உரசல். கட்டிலின் திரையை விலக்கச் சொல்லிக் கணவன் மனைவியிடம் கேட்கிற கடைசிக் காட்சியில் என் உள்ளங்கை வியர்த்துவிட்டது. உள்ளே காதலனின் பிணம்.

குறையும் சொல்லியாக வேண்டும். படியில் சரியும் அந்தப் பாட்டுமுறை பிறகு வந்த ஓபராக்களிலும் தொடர்ந்தது. 2002-இல் 'மக்பெத்', 2006-இல் ஜப்பானிய நாட்குறிப்பு ஒன்றை வைத்து 'தா ஜேலோ அ ஜேலோ', 2011-இல் ரயில் நிலையத்தில் வீடின்றி அலையும் ஒரு பெண்ணைப் பற்றி 'சூப்பர்ஃபிளூமினா'. சில இடங்களில் பாத்திரம் மாறினாலும் பாட்டு மாறவில்லை என்ற எண்ணம் வருவதைத் தடுக்க முடியவில்லை. கோபக்காரனும் குழந்தையும் ஒரே மாதிரி வழுக்கினால் கேட்பவருக்கு அலுப்புத் தட்டும். ஆனால் 2017 நவம்பரில் மிலானின் லா ஸ்காலா அரங்கில் வந்த ஓபராவைக் கேட்டபோது அந்த அலுப்பு போனது. ஸ்திரதெல்லா என்ற பரோக் கால இசையமைப்பாளர் வருவார் என்று ரோமில் ஒரு மாளிகையில் பாடகர்களும் வேலைக்காரர்களும் ஒத்திகையோடு காத்திருக்கிறார்கள். அவர் வருவதே இல்லை. ஜெனோவாவில் அவரைக் கொன்றுவிட்டார்கள் என்ற செய்திதான் வருகிறது. வராத ஓர் இசைக்காரனுக்காகக் காத்திருப்பது, அதுவே இசை. எழுபது வயதில் ஷர்ரீனோ தன்னைப் பற்றியே எழுதினாரோ என்று நினைத்துக்கொண்டேன். 2023-இல் ஹாம்பர்க்கில் 'வீனஸும் அடோனிஸும்' வந்தது. விருதுகள் நிறைய. 2006-இல் சால்ஸ்பர்க் இசைப் பரிசு, 2011-இல் ஸ்பெயினின் பிபிவிஏ அறக்கட்டளை விருது, 2016-இல் வெனிஸ் பியன்னாலே கலைவிழாவின் தங்கச் சிங்கம்.

விருதுகளைவிட மாணவர்களைப் பார்க்கத்தான் எனக்கு ஆசை. பியேர்லூயிஜி பில்லோனே, லூச்சியா ரொங்கெத்தி, ஃபிரான்செஸ்கோ ஃபிலிதெய், மூவரும் இன்று ஐரோப்பாவில் பெரிய பெயர்கள், மூவரும் அவரிடம் படித்தவர்கள். ஒருவர் இசையும் இன்னொருவர் இசை போல இல்லை. பில்லோனே கார்களின் சுருள் கம்பிகளையும் கண்ணாடியையும் தாளவாத்தியக்காரர் கையில் கொடுத்து, சடங்கு போல நீண்ட படைப்புகளை எழுதுகிறார். ரொங்கெத்தி இசை நாடகத்தின் பக்கம் போனார், 2021 முதல் 2024 வரை வெனிஸ் பியன்னாலேயின் இசைப் பிரிவை நடத்தினார். ஃபிலிதெய் உம்பெர்த்தோ எக்கோவின் 'ரோஜாவின் பெயர்' நாவலை ஓபராவாக்கி 2025 ஏப்ரலில் லா ஸ்காலாவில் மேடையேற்றினார்.

ஃபிலிதெயின் பழைய படைப்பு ஒன்றைத் தேடிப் பாருங்கள், காணொளியாகவே பாருங்கள். போலீஸ் அடியில் இறந்துபோன செரந்தீனி என்ற இளைஞனின் இறுதி ஊர்வலத்தைப் பற்றியது. நீள மேசையில் ஆறு பேர் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். யார் கையிலும் வாத்தியம் இல்லை. மேசையைத் தட்டுகிறார்கள், தடவுகிறார்கள், கையை உரசுகிறார்கள், மூச்சு விடுகிறார்கள், தலையைத் திருப்புகிறார்கள். ஒலி முழுவதும் அதிலிருந்தே. ஆசிரியர் வாத்தியத்தை மூச்சு வரைக்கும் கொண்டுவந்து நிறுத்தினார். மாணவர் வாத்தியத்தையும் எடுத்துவிட்டார். அதே சமயம் அந்த மேசையில் நடப்பது ஷர்ரீனோ எழுதக்கூடியது அல்ல. அரசியலும் துக்கமும் ஃபிலிதெயினுடையவை. ஆசிரியரிடமிருந்து அவர் எடுத்துக்கொண்டது காதை மட்டும்தான்.

சித்தா தி கஸ்தெல்லோவில் அந்தப் பயிற்சி வகுப்பு முடிந்த 2000-ஆம் ஆண்டில், அதே ஊரில், ஷர்ரீனோவின் 'கடலுக்குச் சுருதி சேர்க்கும் பயிற்சிகள்' அரங்கேறியது. ஓர் ஆண் உச்சக்குரல், நான்கு குழல், நான்கு சாக்ஸஃபோன், தாளவாத்தியம், இவற்றோடு இன்னும் நூறு குழல், நூறு சாக்ஸஃபோன். அதற்கு மூன்று வருடம் முந்தைய 'ஒலிகளின் வெட்டுண்ட வட்டம்' என்ற படைப்பில் நான்கு குழல்காரர்கள் கேட்பவர்களைச் சுற்றி நிற்பார்கள், மற்ற நூறு பேரும் பறவைக் கூட்டம் மாதிரி ஊதிக்கொண்டே நடந்து அந்த வட்டத்தைக் குறுக்கே வெட்டிப் போவார்கள். நியூயார்க்கில் குக்கன்ஹைம் அருங்காட்சியகத்தின் சுழல்பாதைக் கூடத்திலும் அதை வாசித்திருக்கிறார்கள். இப்படி நூறு பேர் வேண்டியிருக்கும்போது தொழில்முறைக் கலைஞர்களை வைத்துக் கட்டுப்படியாகாது. எனவே அந்தந்த ஊர்ப் பள்ளி, கல்லூரி மாணவர்களைத்தான் சேர்ப்பார்கள்.

அவர்களுக்கு எழுதப்பட்டவை எளிமையானவை. மூடியைத் தட்டு, மூச்சை விடு, ஒரு 'டப்', நட. ஒரு வருடம் குழல் கற்ற பிள்ளையும் செய்துவிடலாம். ஒருத்தர் செய்தால் யார் காதிலும் விழாது. நூறு பேர் ஆளுக்கொரு நேரத்தில் மூடிகளைத் தட்டும்போது கூடத்துக்குள் மழை பிடிக்கிறது. முதலில் தூறல், பிறகு கூரை முழுக்க.

அந்த மழையைக் கேட்பதற்கும் நான் விசிறியை நிறுத்த வேண்டியிருந்தது.